கையில் இல்லாத கேமரா

1890களின் நடுப்பகுதியில் நார்வேயின் கிறிஸ்டியானியா நகரத்தில், அதாவது இன்றைய ஆஸ்லோவில், கார்ல் யோஹான் வீதியில் உலாப் போன பெரிய மனிதர்களும் சீமாட்டிகளும் எதிரே வந்த ஒரு கணித மாணவனைப் பார்த்துத் தலையசைத்தார்கள். சிலர் தொப்பியைத் தூக்கினார்கள், சிலர் சிரித்தார்கள். அவனும் பதிலுக்கு வணங்கினான். அதே நொடியில் பைக்குள் இருந்த அவன் கை ஒரு நூலை இழுத்தது. வேஸ்ட்கோட்டின் காஜா வழியாக எட்டிப் பார்த்த லென்ஸ், எதிரே நின்றவரை வட்டமான ஒரு படமாகப் பிடித்துக்கொண்டது. கார்ல் ஸ்டோர்மர் என்ற அந்த மாணவர் பின்னாளில் துருவ ஒளியை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றார். படிக்கிற காலத்தில் அவர் இப்படி எடுத்தவை சுமார் 500 படங்கள். நாடகாசிரியர் ஹென்ரிக் இப்சனும் அவற்றில் ஒருவராக நடந்து வருகிறார். அதே ஆண்டுகளின் ஸ்டுடியோப் படங்களில் எல்லோரும் கழுத்து விறைத்து, மூச்சை அடக்கி, தூணோடு தூணாக நிற்பார்கள். ஸ்டோர்மரின் படங்களிலோ தெருவில் தெரிந்தவரைக் கண்டதும் ஒரு முகம் எப்படி மலருமோ அப்படி மலர்ந்திருக்கிறது.

அந்தக் கேமராவை நியூயார்க்கைச் சேர்ந்த ராபர்ட் கிரே வடிவமைத்தார். 1886இல் ஸ்டிர்ன் நிறுவனம் உரிமையை வாங்கி பெர்லினில் தயாரித்து விற்றது. சுமார் 15 செ.மீ. அகலமுள்ள தட்டையான உலோக வட்டு. உள்ளே வட்டமான ஒரு கண்ணாடித் தகடு. ஒரு படம் எடுத்ததும் முன்பக்கத்துக் குமிழைத் திருப்பினால் தகடு சுழன்று அடுத்த படத்துக்கு இடம் கொடுக்கும். மொத்தம் ஆறு படம் எடுக்கலாம். கழுத்தில் மாட்டி உள்ளே தொங்கவிட்டால் வெளியே தெரிவது பித்தான் அளவுக்கு லென்ஸ் மட்டுமே. அமெரிக்காவில் விலை 10 டாலர். முதல் சில ஆண்டுகளில் சுமார் 18,000 விற்றதாகச் சொல்கிறார்கள். இன்று சட்டைக் காலரிலும் தொப்பி விளிம்பிலும் மூக்குக் கண்ணாடியின் சட்டத்திலும் ஒட்டிக்கொள்ளும் வீடியோ கேமராக்களைப் பற்றிப் பேசுகிறவர்கள், அவற்றின் கவர்ச்சி அவற்றின் சிறுமையில்தான் இருக்கிறது என்கிறார்கள். 140 ஆண்டு வரலாறு இதை ஒத்துக்கொள்ளவில்லை. உடம்பில் மாட்டிக்கொள்ளும் அளவுக்குச் சிறிய கேமரா விக்டோரியா மகாராணி காலத்திலேயே கடையில் கிடைத்தது. சில ஆண்டுகளில் காணாமலும் போனது. ஒரு காரியத்தைச் செய்வதா, அதைப் படம் பிடிப்பதா என்று ஒவ்வொரு முறையும் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயத்திலிருந்து மனிதரை விடுவித்ததுதான் இந்தக் கருவியின் உண்மையான ஈர்ப்பு. கையைக் காலியாக விட்ட இடங்களிலெல்லாம் அது நிலைத்திருக்கிறது. வேறு எதையாவது சொல்லி விற்க முயன்றபோதெல்லாம் சறுக்கியிருக்கிறது.

முதல் சறுக்கலுக்குக் காரணம் ரகசியம். 1881இல் லண்டனில் தாமஸ் போலாஸ் என்பவர் பெட்டி போன்ற தன் கைக்கேமராவுக்குத் துப்பறியும் கேமரா என்று பெயர் வைத்தார். பெயர் பற்றிக்கொண்டது. அடுத்த இருபது ஆண்டுகளில் தொப்பிக்குள், கழுத்து டையில், கைத்தடிப் பிடியில், புத்தகத்தில், பார்சலில் என்று கேமராவை ஒளிக்காத இடமில்லை. 1888இல் வந்த கோடாக் பெட்டியை ஒளிக்க வேண்டியதே இல்லை என்றாலும், 25 டாலருக்கு 100 படம் எடுக்கக்கூடிய ஒரு பொருளைக் கையில் வைத்திருந்த பொழுதுபோக்குக்காரர்கள் கடற்கரைகளில் பெரிய தொந்தரவாகிவிட்டார்கள். 1890 டிசம்பரில் சாமுவேல் வாரன், லூயிஸ் பிராண்டைஸ் என்ற இரண்டு பாஸ்டன் வழக்கறிஞர்கள் ஹார்வர்டு சட்ட இதழில் தனியுரிமை பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரைக்கு, நொடியில் எடுக்கப்படும் புகைப்படங்களும் வம்பு தேடும் செய்தித்தாள்களும் நேரடித் தூண்டுதல்கள். ஆக, அணியும் கேமரா பிறந்து நான்கு ஆண்டுகளுக்குள் அதற்கு எதிரான சட்ட வாதமும் பிறந்துவிட்டது. ஸ்டிர்ன் கேமராவின் தயாரிப்பு 1890களின் தொடக்கத்திலேயே நின்றது. ஒளிந்து பார்ப்பதில் உள்ள கிளுகிளுப்பு நீண்ட நாள் தாங்காது. ஆறு படம் முடிந்ததும் அடுத்து என்ன என்ற கேள்வி வந்துவிடும்.

அப்படியானால் ஸ்டோர்மரின் படங்கள் ஏன் இன்றும் உயிரோடு இருக்கின்றன, அவையும் ரகசியப் படங்கள்தானே என்று கேட்கலாம். அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க இன்னொரு தொகுப்பு உண்டு. 1938 முதல் 1941 வரை நியூயார்க் சுரங்க ரயில்களில் வாக்கர் எவான்ஸ் தன் கான்டாக்ஸ் கேமராவுக்குக் கறுப்பு அடித்து, கோட்டுப் பித்தான்களுக்கு இடையே லென்ஸை வைத்து, ஷட்டர் வயரைக் கைச்சட்டைக்குள் இறக்கி, எதிர் இருக்கையில் இருந்தவர்களைப் படம் எடுத்தார். முறை கிட்டத்தட்ட ஸ்டோர்மருடையதே. ஆனால் எவான்ஸின் முகங்கள் உள்ளுக்குள் சுருங்கியவை, யாரையும் பாராதவை. அவை மகத்தான படங்கள் என்பதில் சந்தேகமில்லை. புத்தகமாக வெளியிட அவரே 1966 வரை காத்திருந்தார் என்பதையும் கவனிக்க வேண்டும். எவான்ஸ் வெறுமனே உட்கார்ந்து பார்த்தார். ஸ்டோர்மர் வணக்கம் சொன்னார், வணக்கம் வாங்கினார். ஒளிவு இரண்டிலும் ஒன்றுதான். படம் எடுப்பவர் அந்தச் சூழலில் பங்கெடுத்தாரா என்பதில்தான் வித்தியாசம். கேமராவைத் தூக்கிக் கண்ணில் வைத்தவரால் தொப்பியைத் தூக்க முடியாது.

இடையில் மனிதரை விட்டுப் பறவைக்கும் போய்விட்டது இந்தக் கருவி. ஜெர்மனியில் ஃபிராங்க்ஃபர்ட்டுக்குப் பக்கத்தில் க்ரோன்பெர்க் என்ற ஊரில் மருந்துக்கடை வைத்திருந்த யூலியுஸ் நொய்ப்ரோனர், புறாவின் மார்பில் அலுமினியப் பட்டையால் கட்டக்கூடிய, தானாகவே நேரம் பார்த்துப் படம் எடுக்கும் கேமரா ஒன்றைச் செய்து 1907இல் காப்புரிமை கேட்டார். அவ்வளவு கனத்தைப் புறா தூக்காது என்று காப்புரிமை அலுவலகம் முதலில் மறுத்தது. படங்களைக் காட்டிய பிறகே 1908இல் ஒப்புக்கொண்டது. 1909இல் டிரெஸ்டன் கண்காட்சியில் புறா வந்து இறங்கியதும் படத்தைக் கழுவி அஞ்சலட்டையாக விற்றார்கள். 1980களின் பிற்பகுதியிலிருந்து கிரெக் மார்ஷல் ஆமைகளிலும் சுறாக்களிலும் ஒட்டிய கேமராக்கள் வரை இந்த மரபு நீள்கிறது. விலங்குகளிடம் இது வெற்றி பெற்றதன் காரணம் எளிது: புறாவுக்குப் படம் எடுக்க வேண்டிய வேலை இல்லை, பறக்கிற வேலை மட்டுமே.

சலனப்படத்துக்கு வந்தால் கை எவ்வளவு மாட்டிக்கொண்டிருந்தது என்பது இன்னும் தெளிவாகும். ஆரம்பகாலக் கேமராமேனின் ஒரு கை ஓயாமல் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும், அதுவும் ஒரே வேகத்தில். அதனால் முக்காலி வேண்டும், முக்காலி இருந்தால் நகர முடியாது. போலந்துக்காரரான காஸிமியெர்ஸ் ப்ரோஷின்ஸ்கி 1910 வாக்கில் காற்றடைத்து ஓடும் ஏரோஸ்கோப் கேமராவைக் கொண்டுவந்தது, அந்தக் கைக்குக் கிடைத்த முதல் விடுதலை. 1920களில் வில்விசையில் ஓடும் சிறிய கினமோ கேமரா வந்தது. யோரிஸ் இவென்ஸ் போன்ற ஆவணப்படக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். 1924இல் எஃப். டபிள்யூ. முர்னாவின் ஒரு ஜெர்மன் படத்தில் குடிபோதைக் காட்சி ஒன்று வேண்டியிருந்தது. ஒளிப்பதிவாளர் கார்ல் ஃப்ராய்ண்ட் கேமராவை மார்பில் கட்டிக்கொண்டு, எடை சமனாக பேட்டரிகளை முதுகில் வைத்துக்கொண்டு, குடிகாரனைப் போலவே தள்ளாடி நடந்தார். அதுவரை திரையில் குடிகாரனை மற்றவர்கள் பார்த்தார்கள். அன்று குடிகாரன் உலகத்தைப் பார்த்தான். பார்வை இப்படி இடம் மாறியதுதான் அணியும் கேமரா சினிமாவுக்குக் கொடுத்த கொடை. அதற்கு அதன் எடை ஒரு தடையாக இருக்கவில்லை. பிற்காலத்தில் காரெட் பிரவுன் உருவாக்கி 1976 வாக்கில் ஹாலிவுட்டை மாற்றிய ஸ்டெடிகேமும் மார்புக் கவசம் போல உடம்பில் மாட்டிக்கொள்கிற, முதுகை முறிக்கிற கனமுள்ள சாதனம்தான். சிறியதாக இல்லாமலேயே அது கையிலிருந்து கனத்தை இறக்கி, காலை விடுவித்தது.

இந்த வாதத்துக்கு என் கணக்கில் மிக வலுவான சான்று கடலிலிருந்தும் வானத்திலிருந்தும் வருகிறது. ஜார்ஜ் கிரீனோ என்ற அலைச்சறுக்கு வீரர் 1960களின் இறுதியில் பத்துக் கிலோவுக்கு மேல் கனக்கும் சினிமாக் கேமராவைத் தானே செய்த நீர்புகா உறைக்குள் வைத்து, முதுகில் கட்டிக்கொண்டு அலைக்குள் பாய்ந்தார். அலை சுருண்டு குழாய் போலாகும் அந்தச் சில நொடிகளை உள்ளேயிருந்து காட்டும் காட்சிகள் அப்படித்தான் கிடைத்தன. கரையில் எவ்வளவு நீண்ட லென்ஸை வைத்தாலும் அது கிடைத்திருக்காது; படகில் போன கேமராமேனுக்கும் கிடைக்காது. அலைக்குள் இருப்பவருக்கோ இரண்டு கையும் பலகையில் வேண்டும், கண் தண்ணீரில் வேண்டும். அதே காலத்தில் கலிஃபோர்னியாவில் கார்ல் போனிஷ் தலைக்கவசத்தில் 16 மி.மீ. கேமராவைப் பொருத்திக்கொண்டு விமானத்திலிருந்து குதித்து, சக வீரர்களைப் படம் எடுத்தார். 1969இல் வந்த தி ஜிப்ஸி மாத்ஸ் படத்தின் வான்காட்சிகளில் அவர் பங்கு பெரியது. பாராசூட்டின் கயிற்றைப் பிடிக்க வேண்டிய கையால் கேமராவைப் பிடித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இவர்கள் யாரும் சின்னக் கேமராவுக்காகக் காத்திருக்கவில்லை. கையில் பிடிக்கத் தேவையில்லை என்றால் போதும், கனத்தைச் சுமக்கத் தயாராக இருந்தார்கள்.

இதைக் கோட்பாடாகவே யோசித்தவர் ஒருவர் இருந்தார். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க அறிவியல் ஆய்வுகளை ஒருங்கிணைத்த வன்னெவர் புஷ், 1945 ஜூலையில் அட்லாண்டிக் இதழில் எழுதிய கட்டுரையில் எதிர்கால ஆய்வாளரின் நெற்றியில் ஒரு அக்ரூட் கொட்டையைவிடச் சற்றே பெரிய கேமராவைக் கற்பனை செய்தார். ஷட்டரை இயக்கும் வயர் கைச்சட்டைக்குள் இறங்கிவரும். எதைப் பார்க்கிறாரோ அதையே கேமராவும் பார்க்கும் என்பதற்காக மூக்குக் கண்ணாடியில் மெல்லிய கோடுகளால் ஒரு சதுரம் இருக்கும். அந்தக் கட்டுரையை இன்று இணையத்தின் முன்னறிவிப்பு என்று கொண்டாடுகிறார்கள். கேமரா பற்றிய பத்தியை ஒரு வேடிக்கையாகக் கடந்துவிடுகிறார்கள். ஆனால் புஷ்ஷின் கவலை மிகவும் நடைமுறையானது: ஆய்வுக்கூடத்தில் நடமாடி, கையால் வேலை செய்து, கண்ணால் கவனிக்கிற ஒருவர் குறிப்பெடுப்பதற்காக வேலையை நிறுத்தக் கூடாது.

புஷ் கற்பனை செய்த ஆய்வாளருக்கு முன்பாக, அலைச்சறுக்குக்காரர்களுக்குத்தான் அந்தக் கேமரா வந்தது. 2002இல் ஆஸ்திரேலியாவிலும் இந்தோனேசியாவிலும் அலைச்சறுக்குக்குப் போன நிக் உட்மேன், கேமராவை மணிக்கட்டில் கட்டும் பட்டையைச் செய்து பார்த்ததிலிருந்து கோப்ரோ பிறந்தது. 2004இல் விற்பனைக்கு வந்த முதல் கோப்ரோ 35 மி.மீ. ஃபிலிம் போடும், வீடியோ எடுக்காத, பார்வைக்குச் சாதாரணமான பொருள். அன்றைய கைபேசிக் கேமராக்களோடும் டிஜிட்டல் கேமராக்களோடும் ஒப்பிட்டால் அதில் புதுமை எதுவுமில்லை. பட்டைதான் புதுமை. டிஜிட்டலும் உயர்துல்லிய வீடியோவும் மீன்கண் லென்ஸும் பின்னால் வந்து சேர்ந்தன. 2014 ஜூனில் 24 டாலருக்குப் பங்குச் சந்தைக்கு வந்த நிறுவனம், சில மாதங்களிலேயே 80 டாலரைத் தாண்டியது. 2018இல் பத்து டாலருக்கும் கீழே கிடந்தது. இந்த வீழ்ச்சியைக் காட்டி, சாகசக்காரர்களுக்கு வெளியே இத்தகைய கேமராவுக்குத் தேவையே இல்லை என்று சொன்னவர்கள் பலர். பலரும் வாங்கியதைச் சுற்றுலா முடிந்ததும் அலமாரியில் போட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் அதிலிருந்து எடுக்க வேண்டிய முடிவு வேறு என்று நினைக்கிறேன். அலைச்சறுக்குபவரின் கை மட்டுமா நிறைந்திருக்கிறது? இடுப்பில் குழந்தையைச் சுமக்கிற தாய், தோசைக் கல்லில் மாவு ஊற்றுகிறவர், வலை இழுக்கிற மீனவர், மாட்டைக் கறக்கிறவர், இரண்டு சக்கர வண்டியில் மலையேறுகிறவர், இவர்கள் எல்லோருடைய கையும் நிறைந்துதான் இருக்கிறது. இவர்களுக்கேற்ற கேமரா வரத்தான் இன்னும் சில ஆண்டுகள் தேவைப்பட்டன.

அதற்குள் அன்றாட வாழ்க்கைக்குள் நுழைய இன்னொரு கூட்டம் முயன்று தோற்றது. அந்தத் தோல்வி என் வாதத்துக்கே ஒரு சவால். கேம்பிரிட்ஜில் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் லிண்ட்சே வில்லியம்ஸ் 2004 வாக்கில் உருவாக்கிய சென்ஸ்கேம், கழுத்தில் தொங்கிக்கொண்டு, வெளிச்சமும் அசைவும் மாறும்போது தானாகவே படம் எடுத்தது. கணினி மேதை கார்டன் பெல் தன் வாழ்க்கை முழுவதையும் பதிவு செய்யும் முயற்சியில் அதை அணிந்து திரிந்தார். 2012இல் ஸ்வீடனில் கூட்டு நிதி திரட்டித் தொடங்கிய நாரேட்டிவ் கிளிப், 20 கிராம் கனத்தில், 30 நொடிக்கு ஒரு படம் எடுத்தது. கை முழுவதுமாகக் காலி. பொத்தானை அழுத்தக்கூட வேண்டாம். ஆனாலும் அந்த நிறுவனம் 2016இல் கடையைக் கட்டியது, பெல்லும் பதிவதை நிறுத்திவிட்டார். கணக்குப் போட்டால் காரணம் புரியும்: விழித்திருக்கும் 16 மணி நேரத்துக்கு 1,920 படம். மேசை, சுவர், திரை, மேசை, சுவர். கை காலியாக இருந்தது, ஆனால் அந்தக் கையில் அப்போது வேலை எதுவும் இல்லை. காரியம் நடக்காத இடத்தில் காரியத்தைக் காப்பாற்றும் கருவிக்கு என்ன வேலை? அதே சென்ஸ்கேம் நினைவிழப்பு நோயாளிகளுக்கு உண்மையாகவே உதவியது. கேம்பிரிட்ஜின் ஆடன்ப்ரூக்ஸ் மருத்துவமனையில் மூளை அழற்சியால் நினைவை இழந்த ஒரு பெண், படங்களைத் திரும்பப் பார்த்துவந்ததால் பல வாரங்களுக்கு முந்தைய நிகழ்ச்சிகளையும் சொல்ல முடிந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தேவை இருந்த இடத்தில் அது பயன்பட்டது. ஆகவே என் கூற்றைச் சற்றுத் திருத்திச் சொல்ல வேண்டும்: வெறும் கை போதாது, கையில் வேலை இருக்க வேண்டும், அந்த வேலை மீண்டும் பார்க்கத் தக்கதாகவும் இருக்க வேண்டும்.

இவ்வளவு சுற்றி வளைப்பானேன், உணரியும் பேட்டரியும் மலிவானதால் கேமரா பரவியது, அவ்வளவுதானே என்று தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். பாதி சரி. விண்கலங்களுக்குச் சிறிய கேமரா வேண்டும் என்று நாசாவின் ஜெட் ப்ரொபல்ஷன் ஆய்வகத்தில் எரிக் ஃபாஸம் 1993 வாக்கில் உருவாக்கிய சிமாஸ் உணரி இல்லாமல் இன்றைய அணியும் கேமரா எதுவுமில்லை. அதைவிட முக்கியமானது ஆட்டத்தை அடக்கும் வித்தை. தலையிலோ மார்பிலோ மாட்டிய கேமராவின் காட்சியைப் பத்து நிமிடம் பார்த்தால் குமட்டும் என்பதுதான் நீண்ட காலமாக நிலைமை. 2018 வாக்கில் கோப்ரோவும் சீனாவின் இன்ஸ்டா360யும் சின்னஞ்சிறு சுழல்மானியின் அளவீடுகளைக் கொண்டு, மென்பொருளாலேயே அதிர்வை நீக்கிக் காட்டியபோதுதான் நடக்கிற மனிதரின் காட்சி மற்றவர் பார்க்கத் தக்கதானது. 2020இல் கோப்ரோ, பொத்தானை அழுத்துவதற்கு 30 நொடி முன்பு நடந்ததையும் சேமிக்கும் வசதியைத் தந்தது. குழந்தையின் முதல் அடியைப் பிடிக்க நினைக்கும் எவருக்கும் அதன் மதிப்பு தெரியும். ஆனால் இவை எல்லாம் ஏற்கெனவே இருந்த ஒரு விருப்பத்துக்கு வழி திறந்தவை. மலிவும் சிறுமையும் மட்டும் போதுமென்றால், 2016இல் 130 டாலருக்கு வந்த ஸ்னாப்சாட்டின் ஸ்பெக்டகிள்ஸ் உலகத்தை வென்றிருக்க வேண்டும். பத்து நொடி வீடியோ எடுக்கும் கறுப்புக் கண்ணாடி அது. வீடியோகூட ஸ்டிர்னின் படங்களைப் போலவே வட்டம்தான். அடுத்த ஆண்டே விற்காத சரக்குக்காக நிறுவனம் சுமார் 4 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதியது. நண்பர்களுக்குப் பகிரும் விளையாட்டு என்று விற்றார்கள். யாருடைய கை நிறைந்திருக்கிறது என்று கேட்கவில்லை.

கூகிள் கிளாஸ் என்ற கேமராக் கண்ணாடியின் தோல்விக்கு வேறு காரணமும் சேர்ந்தது. 2012இல் வானிலிருந்து குதிப்பவர்களை வைத்து அட்டகாசமாக அறிமுகப்படுத்தி, 2013இல் 1,500 டாலருக்கு விற்றார்கள், 2015 தொடக்கத்தில் பொது விற்பனையை நிறுத்தினார்கள். எதிரே நிற்பவருக்குத் தான் படம் பிடிக்கப்படுகிறோமா இல்லையா என்று தெரியாததுதான் அதை ஊர் வெறுத்ததற்குக் காரணம். 1890இன் பழைய புகார் அப்படியே. அதே கிளாஸ் பின்னர் தொழிற்கூடங்களில், இரண்டு கையும் இயந்திரத்தில் இருக்கும் தொழிலாளர்களிடம் 2023 வரை சில ஆண்டுகள் ஓடியது. 2023இல் வந்த ரே-பேன் மெட்டா கண்ணாடிகள், 2025 தொடக்கம்வரை இருபது லட்சம் விற்றதாகக் கண்ணாடி நிறுவனமான எஸ்ஸிலோர்லக்ஸாட்டிகா அறிவித்தது. அவை முதலில் கண்ணாடிகள், பிறகே கேமராக்கள். வாங்குபவர் எப்படியும் அணியப்போகிற பொருள். இன்னொரு பக்கம், 2019இல் இன்ஸ்டா360 வெளியிட்ட கோ என்ற 18 கிராம் கேமராவும் அதன் வாரிசுகளும் சட்டைக்குள் தொங்கும் காந்தப் பதக்கத்தில் வெளியிலிருந்து ஒட்டிக்கொள்கின்றன. சமையலறையிலும் தோட்டத்திலும் குழந்தைகளோடும் புழங்குகிறவர்களையும் குறிவைத்து இவற்றை விளம்பரம் செய்கிறார்கள். சாகசத்தோடு நிறுத்திக்கொள்ளாதது நல்ல புத்தி.

கைபேசியே போதாதா என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. படத்தின் தரத்தைப் பார்த்தால் பெரும்பாலும் போதும். ஆனால் கைபேசியில் எடுப்பவர் கையை நீட்டி, திரையைப் பார்த்து, அந்த இடத்திலேயே பார்வையாளராகிவிடுகிறார். பிறந்தநாள் வீடியோவில் அப்பா இல்லாமல் போவது இதனால்தான். அவர் கேமராவுக்குப் பின்னால் நிற்கிறார். அமெரிக்காவில் லிண்டா ஹென்கெல் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகப் பொருள்களைப் படம் எடுத்தவர்கள், வெறுமனே பார்த்தவர்களைவிடக் குறைவாக நினைவில் வைத்திருந்தார்கள். கையில் பிடித்த கேமராவை வைத்துச் செய்த ஆய்வு அது என்பதால் அணியும் கேமராவுக்கு அப்படியே பொருத்த முடியாது. இருந்தாலும், கவனத்தைப் பிடுங்குவது பிடித்தலும் சட்டகம் போடுதலும்தான் என்றால், அவை இரண்டும் இல்லாத கருவிக்குச் சாதகமாகவே இது படுகிறது. இதற்கு ஒரு விலை உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். மார்பில் தொங்கும் கேமராவுக்குக் கண் இல்லை. அது எடுப்பதில் பெரும்பகுதி ஹேண்டில்பார், பாத்திர விளிம்பு, வானம். படைப்பாளியின் தேர்வு இல்லாத காட்சி பிறருக்கு அலுப்பூட்டும். அணிந்தவருக்கும் அவர் வீட்டாருக்கும் அது வேறு விஷயம்.

தனியுரிமையைப் பற்றிச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடலாம். தன் கையின் வேலையைப் பதிவு செய்யும் உரிமைக்குள், எதிரே வருகிறவரின் முகத்தைச் சேர்க்கும் உரிமை அடங்காது. பதிவு நடப்பதைக் காட்டும் சிறு விளக்கு இருக்கிறதே என்று நிறுவனங்கள் சொல்கின்றன. பட்டப்பகலில் அந்த விளக்கை யார் கவனிக்கிறார்கள்? 2024இல் ஹார்வர்டு மாணவர்கள் இருவர் மெட்டா கண்ணாடியின் வீடியோவை முகம் அறியும் மென்பொருளோடு இணைத்து, தெருவில் போகிறவரின் பெயரையும் முகவரியையும் எடுக்க முடியும் என்று செய்து காட்டினார்கள். இந்தியாவின் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, தனிநபர் தன் சொந்த, வீட்டு உபயோகத்துக்காகக் கையாளும் தரவுகளை விலக்கி வைத்திருக்கிறது. காவலர்களின் மார்புக் கேமராவைக் காட்டி, கேமரா இருந்தால் எல்லோரும் ஒழுங்காக நடப்பார்கள் என்று வாதிடுகிறவர்களும் முழு உண்மையைச் சொல்வதில்லை. கலிஃபோர்னியாவின் ரியால்டோ நகரில் 2012இல் தொடங்கிய சோதனையில் காவலர்கள் மீதான புகார்கள் 88 சதவீதம் குறைந்தன. வாஷிங்டன் நகரில் 2,000க்கு மேற்பட்ட காவலர்களை வைத்து நடத்தி 2017இல் வெளியான ஆய்வில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. பகிரங்கமாகத் தெரியும்படி மாட்டிய கேமராவை மனிதர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள், ஒளித்து வைத்ததை வெறுக்கிறார்கள் என்பதே இந்த வரலாறு முழுவதும் தெரிகிறது. கண்ணாடிச் சட்டத்துக்குள் கேமராவை மறைப்பதை நாகரிகம் என்று விற்கும் இன்றைய போக்கு ஸ்டிர்னின் பழைய தவறுக்கே திரும்புவது.

ஆனால் கை காலியான கேமராவுக்கு இப்போது இன்னொரு வாடிக்கையாளர் வந்திருக்கிறார். 2018இல் ஐரோப்பிய, கனடிய ஆய்வாளர்கள் 32 பேரின் தலையில் கோப்ரோவை மாட்டி, அவரவர் சொந்தச் சமையலறையில் 55 மணி நேரம் பதிவு செய்தார்கள். 2021இல் அறிவிக்கப்பட்ட ஒரு திட்டத்தில் ஹைதராபாத்தின் ஐஐஐடி உள்பட ஒன்பது நாடுகளின் நிறுவனங்கள் சேர்ந்து 900க்கு மேற்பட்டவர்களின் 3,670 மணி நேர அன்றாட வாழ்க்கையைத் தொகுத்தன. வெங்காயம் நறுக்குவதும் துணி துவைப்பதும் இயந்திரங்களுக்குப் பாடமாகிவிட்டன. துண்டும் படுக்கை விரிப்பும் நெய்து உலகத்துக்கு அனுப்பும் கரூரில், ஒரு தரவு நிறுவனத்தில் இளைஞர்கள் நெற்றியில் கேமராவைக் கட்டிக்கொண்டு நாள் முழுவதும் துண்டு மடிப்பதை 2025இல் செய்தியாளர்கள் எழுதினார்கள். ரோபோக்களுக்கு மடிக்கக் கற்றுக்கொடுப்பதற்காக. அந்தக் காட்சிகளை எந்தக் குடும்பமும் உட்கார்ந்து பார்க்கப்போவதில்லை. அவற்றில் பதிவாவது கைத்திறன். அதை விற்கிறவர்கள் ஒரு நாள் கூலியோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. அந்தப் பதிவு எங்கே போகிறது, எத்தனை முறை பயன்படுகிறது, அதற்கு என்ன விலை என்பதையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.